கோராகைப் பிரசங்கிப்பவர்கள் செலொப்பியாத்தின் குமாரத்திகளையும் வாசிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபைத் தேர்தல், காணிக்கைக் கணக்கு, போதகர் இடமாற்றம் என்று ஏதாவது ஒரு பிணக்கு பத்திரிகையில் செய்தியானால் போதும், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு பெயர் தவறாமல் வந்துவிடுகிறது: கோராகு. கணக்குக் கேட்டவர் கோராகு, அவரோடு நின்றவர்கள் தாத்தானும் அபிராமும். "பூமி வாயைத் திறந்தது, ஞாபகம் இருக்கட்டும்" என்றதும் பேச்சு முடிந்துவிடும். கேட்டவர் ஒன்று கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார், இல்லையென்றால் வக்கீலைப் பார்க்கப் போகிறார்.

தேவ ஊழியர்மேல் பொறாமை கொள்வதை வேதம் கண்டிப்பது உண்மை. "பாளயத்தில் அவர்கள் மோசேயின்மேலும், கர்த்தருடைய பரிசுத்தனாகிய ஆரோனின்மேலும் பொறாமைகொண்டார்கள்" என்று சங்கீதம் 106 சொல்லியிருக்கிறது. ஆனால் எது பொறாமை, எது நியாயமான கேள்வி என்பதை எண்ணாகமம் என்ற ஒரே வேதபுத்தகம் கோராகு, செலொப்பியாத்தின் குமாரத்திகள் என்று இரண்டு பக்கமும் காட்டியிருக்கும்போது, ஒரு பக்கத்தை மட்டும் பிரசங்க பீடத்தில் ஏற்றுவது வேதத்துக்கே செய்யும் அநியாயம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்தில் இருக்கிறார்கள். லேவி கோத்திரத்துக் கோராகு, ரூபன் கோத்திரத்துத் தாத்தான், அபிராம், ஓன் ஆகியோரையும், சபையில் பேர்பெற்ற தலைவர்கள் 250 பேரையும் கூட்டிக்கொண்டு தலைவன் மோசே, பிரதான ஆசாரியன் ஆரோன் என்ற சகோதரர் இருவருக்கும் எதிரே வந்து நிற்கிறான். "சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், நீங்கள் மட்டும் ஏன் உங்களை உயர்த்துகிறீர்கள்?" என்பது கேள்வி. முடிவில் பூமி பிளந்து கலகக்காரரின் கூடாரங்களை விழுங்குகிறது. தூபகலசம் ஏந்தி நின்ற 250 பேரை அக்கினி பட்சிக்கிறது. மறுநாள் வந்த வாதையில் 14,700 பேர் சாகிறார்கள். (இஸ்லாமிய வாசகர்கள் காரூன் என்று அறிந்திருப்பது இவனைத்தான். திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தில் அவன் குற்றம் செல்வச் செருக்கு. கருவூலச் சாவிகளைத் தூக்கவே பலசாலிகளின் கூட்டம் திணறும் அளவுக்குச் சொத்து. எண்ணாகமம் சொல்லும் குற்றம் வேறு.)

கோராகு யார் என்பதை 16ஆம் அதிகாரத்தில் தேடினால் போதாது. 3, 4, 7 ஆகிய அதிகாரங்களுக்குப் போக வேண்டும். பிரசங்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான்.

லேவியின் மகன் கோகாத்துக்கு நான்கு பிள்ளைகள்: அம்ராம், இத்சேயார், எப்ரோன், ஊசியேல். மூத்தவன் அம்ராமின் பிள்ளைகள் மோசேயும் ஆரோனும். இரண்டாமவன் இத்சேயாரின் மகன் கோராகு. கோகாத் வம்சத்துக்குத் தலைவனாக நியமிக்கப்பட்டவனோ கடைசியான ஊசியேலின் மகன் எலிசாபான் (எண் 3:30). மூத்தவன் வீட்டுக்கு இரண்டு பதவி போயிற்று, சரி. அடுத்து நிற்பது நான் அல்லவா, என்னைத் தாண்டிக் கடைக்குட்டி வீட்டுக்கு எப்படிப் போயிற்று என்பதே கோராகின் எரிச்சல் என்று பழைய யூத விளக்கங்கள் சொல்கின்றன. வேத வசனம் இதை நேரடியாகச் சொல்லவில்லை. ஆனாலும் வம்ச அட்டவணையை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த விளக்கம் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

அவன் வேலையையும் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தை (பயணத்தில் கூடவே கொண்டுபோன வழிபாட்டுக் கூடாரம்; வாசஸ்தலம் என்பதும் அதுவே) சுமக்க ஆறு வண்டிகள் கிடைத்தன. கெர்சோன் வம்சத்துக்கு இரண்டு வண்டியும் நான்கு மாடும். மெராரி வம்சத்துக்கு நான்கு வண்டியும் எட்டு மாடும். கோகாத் வம்சத்துக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவர்கள் சுமை மகா பரிசுத்தமானது, தோளில்தான் சுமக்க வேண்டும். உடன்படிக்கைப் பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, பலிபீடங்கள் எல்லாம் அவர்கள் தோளில். 30 முதல் 50 வயது வரையுள்ளவர்களாக 2,750 பேர் இந்த வேலைக்கு எண்ணப்பட்டார்கள். ஆனால் பாளயம் புறப்படும்போது அவர்கள் முதலில் உள்ளே நுழைய முடியாது. ஆரோனும் அவன் பிள்ளைகளும் போய்த் திரைச்சீலையை இறக்கி அதைப் பெட்டியின்மேல் போட்டு, அதன்மேல் தோல் மூடியைப் போட்டு, அதன்மேல் நீலத் துணியை விரித்து, தண்டுகளைச் செருகி முடிக்க வேண்டும். அதுவரை கோகாத்தியர் வெளியே. மூடப்படும்போது எட்டிப் பார்த்தால்கூடச் சாவு (எண் 4:20). மிக அருகில் நிற்கிறார்கள், தொட முடியாது; சுமை முழுதும் அவர்கள் தோளில், பெயர் வேறொருவருக்கு. நம் சபைகளிலும் பொறாமை பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து புறப்படுவதில்லை. உபதேசியார், சேகரச் செயலர், உதவி குரு, பாடகர் குழுத் தலைவர் என்று பீடத்துக்கு ஓர் அடி தள்ளி நிற்பவர்களிடமிருந்துதான் புறப்படுகிறது.

கோராகு சொன்னது பொய் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "நீங்கள் எனக்கு ஆசாரிய ராஜ்யமும் பரிசுத்த ஜாதியுமாயிருப்பீர்கள்" என்று யாத்திராகமம் 19:6 சொன்னதைத்தான் அவன் திருப்பிச் சொல்கிறான். பொறாமை பொய் உபதேசத்தோடு வந்தால் கண்டுபிடிப்பது சுலபம். சரியான உபதேசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால்தான் சிக்கல். மோசேயும் அந்த உபதேசத்தோடு வாதாடவில்லை. உங்களைப் பிரித்தெடுத்து வாசஸ்தலத்தின் பணிவிடையைக் கொடுத்தது உங்களுக்கு அற்பமா, இப்போது ஆசாரியப்பட்டத்தையும் தேடுகிறீர்களோ என்று நேரே நாற்காலியைத் தொட்டுக் கேட்கிறான் (16:9, 10).

தாத்தான், அபிராம் விவகாரம் தனி. அவர்களுக்கு ஆசாரியப்பட்டம் வேண்டியதில்லை. பாலும் தேனும் ஓடும் தேசத்துக்குக் கொண்டுபோகவில்லை, வயலும் திராட்சத்தோட்டமும் கொடுக்கவில்லை என்பது அவர்கள் குறை. 14ஆம் அதிகாரத்தில் 40 வருஷ அலைச்சல் தீர்ப்பாகியிருந்தது, ஆகையால் இந்தக் கசப்புக்கு ஒரு காரணம் உண்டு. ரூபன் மூத்த மகனின் கோத்திரம் என்ற பழைய மனத்தாங்கலும் சேர்ந்திருக்கலாம். இவர்கள் எப்படிக் கோராகோடு சேர்ந்தார்கள்? பாளயத்தில் கோகாத் வம்சம் இறங்கியது தென்புறம் (3:29), ரூபன் கோத்திரம் இறங்கியதும் தென்புறம் (2:10). பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்கள். ஒருவனுக்குப் பட்டம் வேண்டும், இன்னொருவனுக்கு நிலம் வேண்டும், 250 பேருக்கு என்ன வேண்டும் என்றே சொல்லப்படவில்லை. இந்த மூன்றையும் கட்டிய கயிறு மோசே ஒழிய வேண்டும் என்பது மட்டுமே. மோசே ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது தாத்தானும் அபிராமும் "நாங்கள் வருகிறதில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். பேச மறுத்ததும் அவர்கள்தான்.

இனி 27ஆம் அதிகாரம். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். தகப்பன் செலொப்பியாத் வனாந்தரத்தில் இறந்துபோனான், ஆண் பிள்ளை இல்லை. அன்றைய முறைப்படி அவன் பெயரில் நிலம் வராது. இந்த ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசே, ஆசாரியன் எலெயாசார், தலைவர்கள், சபையார் எல்லாரும் பார்க்க வந்து நிற்கிறார்கள். அவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை என்ன தெரியுமா? எங்கள் தகப்பன் "கோராகின் கூட்டத்தாரில் சேர்ந்தவர் அல்ல". பிறகு கேட்கிறார்கள்: குமாரன் இல்லாததினாலே எங்கள் தகப்பன் பேர் அவர் வம்சத்தில் இல்லாமல் அற்றுப்போவானேன்? எங்களுக்குக் காணியாட்சி கொடுக்க வேண்டும்.

தலைவரிடம், பலர் முன்னிலையில், இருக்கிற முறையே சரியில்லை என்று கேட்ட கேள்வி இது. மோசே அவர்களைக் கலகக்காரர் என்று சொல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலத் தீர்க்கவும் இல்லை. அவர்கள் நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனான். பதில் வந்தது: செலொப்பியாத்தின் குமாரத்திகள் சொல்வது சரிதான். சுதந்தரச் சட்டமே திருத்தப்பட்டது. அதோடும் முடியவில்லை. 36ஆம் அதிகாரத்தில் அதே கோத்திரத்து வம்சத் தலைவர்கள் வந்து, இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் எங்கள் நிலம் போய்விடுமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி என்று தீர்ப்பாகி, சட்டத்துக்கு இன்னொரு திருத்தம் வருகிறது. 9ஆம் அதிகாரத்தில் பிரேதத்தால் தீட்டுப்பட்டவர்கள், நாங்கள் மட்டும் ஏன் பஸ்கா பண்டிகையிலிருந்து விலக்கப்பட வேண்டும் என்று கேட்டதற்கு, இரண்டாம் மாதம் 14ஆம் தேதி இன்னொரு பஸ்கா ஏற்பட்டது. ஒரே புத்தகத்தில் மூன்று கேள்விகள், மூன்றும் ஏற்கப்பட்டவை. அவற்றில் எதிலும் "நீ இறங்கு, நான் ஏறுகிறேன்" என்பது இல்லை. குறை ஒன்று, அதற்குரிய பரிகாரம் ஒன்று. யாரும் ஆள் சேர்த்துக்கொண்டு வரவும் இல்லை.

இனித் தலைவர்களின் தாழ்மை. மோசே பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்ற வசனத்தை (எண் 12:3)ச் சபையார் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்காகத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த வசனம் மோசேயைப் பற்றியது, சபையைப் பற்றியது அல்ல. சாந்தகுணம் செயலில் எப்படி இருந்தது என்று அதே அதிகாரம் காட்டுகிறது. மிரியாமும் ஆரோனும் அவனுக்கு விரோதமாகப் பேசினார்கள். மோசே ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்ததும் வாயைத் திறந்தான், அதுவும் அவளைக் குணமாக்கும் என்று கெஞ்ச. ஏழு நாள் அவள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். அந்த ஏழு நாளும் மொத்த ஜனமும் பயணம் போகாமல் அவளுக்காகக் காத்திருந்தது.

அதற்கு முந்தின அதிகாரத்தில் எல்தாத், மேதாத் என்ற இருவர் கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் சொன்னபோது, ஒரு பிள்ளையாண்டான் ஓடிவந்து அறிவித்தான், யோசுவா அவர்களைத் தடுக்கச் சொன்னான். "நீ எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ?" என்று மோசே அவனை அடக்கினான். போதகருக்காக, ஐயரவர்களுக்காகச் சண்டைக்குப் போகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. ஐயரே கேட்காத மரியாதையை அவருக்காகக் கேட்டு வாங்கித் தருவார்கள். அவர்களை அடக்குவது ஐயரின் வேலை. சபை மக்களால் அது முடியாது.

கோராகு விஷயத்திலும் அப்படியே. குற்றச்சாட்டைக் கேட்டதும் மோசே முகங்குப்புற விழுந்தான். தீர்ப்பை அன்றைக்கே சொல்லவில்லை, நாளை என்றான். ஓர் இரவு அவகாசம். வரமாட்டோம் என்றவர்கள் கூடாரத்துக்குத் தானே எழுந்து நடந்து போனான் (16:25). மறுநாள் வாதை தொடங்கியபோது ஆரோன் தூபகலசத்தில் பலிபீடத்து நெருப்பையும் தூபவர்க்கத்தையும் போட்டுக்கொண்டு சபையின் நடுவே ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவே நின்றான். முந்தின நாள் யார் பட்டத்தைப் பறிக்கப் பார்த்தார்களோ, அவன்தான் ஓடினான். வயதோ எண்பதைத் தாண்டியாயிற்று.

மோசே சறுக்கிய இடமும் மறைக்கப்படவில்லை. 20ஆம் அதிகாரத்தில் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் வாதாடியபோது, "கலகக்காரரே, கேளுங்கள்" என்று சொல்லிக் கன்மலையை இரண்டு தரம் அடித்தான். வாக்குத்தத்த தேசத்துக்குள் போக முடியாமல் போனது அதனால். மோசேயின்மேல் பொறாமைகொண்டவர்களைக் கண்டிக்கும் அதே 106ஆம் சங்கீதம், 33ஆம் வசனத்தில் மோசே உதடுகளினால் பதறிப்பேசினான் என்கிறது. தாகத்தோடு வந்து நின்ற சபையைக் கலகக்காரர் என்று கூப்பிட்ட பேச்சு அது. கணக்குக் கேட்டவரைக் கோராகு என்று அழைப்பதற்கு முன் இந்த வசனத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கணக்குக்கு வருவோம், ஏனென்றால் நம் சபைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிணக்கும் அங்கேதான் போய் முடிகிறது. கோராகின் கலகத்தில் மோசே தன் நேர்மைக்குச் சொன்ன வாதம் நான் அபிஷேகம்பெற்றவன் என்பதல்ல. அவர்களுடைய ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்பது (16:15). அதைத் துணிந்து சொல்ல அவனால் முடிந்ததற்குக் காரணம் யாத்திராகமம் 38. வாசஸ்தலம் கட்டி முடிந்ததும் மோசேயின் கட்டளைப்படி ஆரோனின் மகன் இத்தாமார் கணக்கெடுத்தான். பொன் 29 தாலந்து 730 சேக்கல் (இரண்டும் அன்றைய எடை அளவுகள்). வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். வெள்ளிக் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். இருபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 6,03,550 பேர், தலைக்கு அரைச் சேக்கல், ஆக 3,01,775 சேக்கல். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வகுத்தால் 100 தாலந்தும் மீதி 1,775 சேக்கலும் கச்சிதமாக வரும். செலவு: 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்த்தார்கள், பாதம் ஒன்றுக்கு ஒரு தாலந்து. மீதி 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும் மேல்முனைத் தகடுகளுக்கும். வரவு, செலவு, மீதி மூன்றும் நேராகின்றன. கேட்டவர்கள் வாயை அடைக்கவே மோசே இந்தக் கணக்கைச் சபைமுன் வைத்தான் என்றும், அந்த 1,775 சேக்கல் எங்கே போனது என்று அவனே ஒரு கணம் மறந்து திகைத்தான் என்றும் யூத மரபில் ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் பொருளாளராக இருந்தவர்களுக்கு அந்தத் திகைப்பு புரியும்.

பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சேக்காலிம் பகுதி இன்னும் நுணுக்கமாகப் போகிறது. எருசலேம் ஆலயத்தில் காணிக்கை அறைக்குள் பணம் எடுக்கப் போகிறவன் மடித்துத் தைத்த அங்கியோ, காலணியோ, தாயத்தோ அணிந்து நுழையக் கூடாது. காசு ஒளித்துவைக்க இடம் இருக்கும் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பதே நோக்கம். பின்னாளில் அவன் பணக்காரன் ஆனால் அறையிலிருந்து எடுத்தான் என்று ஊர் பேசும்; ஏழையானால் அறையில் கைவைத்த பாவம் என்று பேசும். இரண்டு பேச்சுக்கும் இடம் தரக் கூடாது. பொதுப் பணத்துக்கு இரண்டு பேருக்குக் குறைவாக நியமிக்கக் கூடாது என்பதும் அதே பகுதியில் இருக்கிறது. இதற்கு அவர்கள் காட்டும் வசனம் எண்ணாகமம் 32:22, கர்த்தருக்கு முன்பாகவும் இஸ்ரவேலருக்கு முன்பாகவும் குற்றமில்லாதிருப்பீர்கள். கர்த்தருக்கு முன்பாக என்பதோடு நின்றுவிடவில்லை. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகத் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரைப் பவுல் சேர்த்து அனுப்பியதும் இதே காரணத்துக்குத்தான் (2 கொரி 8:18-22). பவுலின் கையை நம்பாதவர்கள் கொரிந்துவில் இருந்தார்கள். அவர்களைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்காமல் சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஏற்பாடு செய்தான்.

இன்றைய நடைமுறையில் இது சின்ன வேலை. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைப் போதகர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே எண்ணுங்கள். உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர், முடிந்தால் மாதாமாதம் மாறும் இரண்டு பேர், எண்ணட்டும். எந்த நோட்டு எத்தனை என்று சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, வங்கி திறந்ததும் முழுத்தொகையையும் கட்டிவிடுங்கள். அந்த ரொக்கத்திலிருந்தே மின்கட்டணம், பூச்செலவு என்று எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுவதுதான் பெரும்பாலான சபைகளில் நடக்கும் தவறு. யாரும் திருடியிருக்க மாட்டார்கள், ஆனால் சீட்டும் வங்கிப் புத்தகமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மூன்று வருஷம் கழித்து அது திருட்டுபோலவே தெரியும்.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற வசனமும் கோராகோடு சேர்ந்தே வரும். சங்கீதம் 105ஐ முதலிலிருந்து வாசியுங்கள். அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் கொஞ்சப்பேராய்ப் பரதேசிகளாய் ஊர் ஊராய் அலைந்த காலத்தைச் சொல்கிறது. அந்தக் கண்டிப்பு ராஜாக்களுக்கு. அதிகாரம் உள்ளவன் அதிகாரம் இல்லாதவனைத் தொடக் கூடாது என்று சொன்ன வசனத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். தாவீது சவுலின்மேல் கைபோடாததைச் சொல்வார்கள். சவுல் 3,000 பேரோடு தேடிவந்தும், குகையில் அங்கியின் தொங்கலை அறுத்ததற்கே தாவீதின் மனம் அடித்துக்கொண்டது, மெய்தான். அதே தாவீது அறுத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, சவுலின் ஆட்கள் கேட்க, நீர் எனக்குச் செய்வது அநியாயம், கர்த்தர் நியாயந்தீர்க்கட்டும் என்று சத்தமாகச் சொன்னான் (1 சாமு 24). கையைத்தான் அடக்கினான். வாயைக் கட்டிக்கொள்ளவில்லை.

அதற்காகக் கேள்வி கேட்பவர்கள் எல்லாம் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஆகிவிட முடியாது. மனுவில் கணக்கும் இருக்கும், போதகரை மாற்ற வேண்டும் என்பதும் இருக்கும், அடுத்த கமிட்டிக்கு யார் வர வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலும் இருக்கும்; இப்படிப்பட்ட மனுவைக் கோராகே எழுதியிருப்பான். ஒரு மனுவில் ஒரு குறை போதும். அதற்கான பரிகாரத்தையும் நீங்களே எழுதுங்கள். மனுதாரர் வரும் தேர்தலில் நிற்பதில்லை என்று அதிலேயே எழுதிக் கொடுத்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விடும். மூப்பருக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்கிறது. சாட்சி என்றால் கண்டவர், ரசீது வைத்திருப்பவர். மனுவில் கையெழுத்துப் போட்ட இருநூறு பேர் சாட்சிகள் அல்ல, கோராகுக்கும் 250 பேர் இருந்தார்கள். போதகர்களுக்கு ஒரு வார்த்தை: 19ஆம் வசனத்தைச் சொல்கிறவர்கள் 20ஆம் வசனத்துக்கு முன்பே நிறுத்திவிடக் கூடாது. சாட்சிகளால் மெய்ப்பட்டால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது அது.

மத்தேயு 18இன் வரிசையும் தெரிந்ததே: முதலில் தனியே, பிறகு ஒருவர் இருவரோடு, கடைசியில் சபைக்கு. நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. முதலில் வாட்ஸ்அப் குழு, பிறகு மொட்டைக் கடிதம், கடைசியில்தான் போதகரே கேள்விப்படுகிறார். மொட்டைக் கடிதத்துக்கு வேதத்தில் முன்மாதிரியே கிடையாது. ஐந்து பெண்களும் பெயரோடு வந்தார்கள், அந்தப் பெயர்களை எண்ணாகமம் மூன்று இடத்தில் எழுதிவைத்திருக்கிறது. தனியே சந்திக்கும்போது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள், பதிலுக்கு நாள் குறித்துக் கேளுங்கள். பேச்சில் கடுமை வந்துவிட்டால் அப்போஸ்தலர் 23ஐப் பாருங்கள். வெள்ளையடிக்கப்பட்ட சுவரே என்று பவுல் பிரதான ஆசாரியனைச் சொல்லிவிட்டான். அவர் யார் என்று தெரிந்ததும், உன் ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லாயாக என்று எழுதியிருக்கிறதே என்று வார்த்தையைத் திருத்திக்கொண்டான். வழக்கை விடவில்லை.

பொறாமை மேலேயிருந்து கீழே வருவதை வேதம் அதிகமாகவே எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் பாட்டைக் கேட்ட நாள்முதல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தவன் சிங்காசனத்தில் இருந்த சவுல். இயேசுவைப் பொறாமையினாலே ஒப்புக்கொடுத்தார்கள் என்று பிலாத்து கண்டுகொண்டது பிரதான ஆசாரியர்களிடத்தில். முதன்மையாயிருக்க விரும்பி, சகோதரரை ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களைச் சபைக்குப் புறம்பாக்கிய தியோத்திரேப்பும் (3 யோவான் 9, 10) ஒரு சபைத் தலைவன்தான். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்து சபைக்கு எழுதப்பட்ட கிளமெந்தின் நிருபம், மூப்பர்களைத் தள்ளிவிட்டவர்களைக் கண்டித்துத் தாத்தான், அபிராம் பெயரையும் இழுக்கிறது. போதகர்களுக்கு மிகவும் வசதியான நிருபம். ஆனால் குற்றமில்லாமல் ஊழியம் செய்தவர்களை நீக்குவது தவறு என்பதே அதன் வாதம் (44ஆம் அதிகாரம்). 54ஆம் அதிகாரத்தில், என்னாலே இந்தச் சண்டை என்றால் நான் போய்விடுகிறேன், மந்தை சமாதானமாக இருக்கட்டும் என்று சொல்லக்கூடிய பெருந்தன்மை உங்களில் யாருக்கு உண்டு என்றும் கேட்கிறது. அந்தக் கேள்வி இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

கடைசியாக, நடைமுறையில் மிகவும் புண்படுத்தும் ஒன்று. கணக்குக் கேட்டவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலை (ஆலயத்தில் திருமண அறிவிப்பு) வாசிக்கத் தாமதிப்பது, பிள்ளைக்குத் திடப்படுத்தல் வகுப்பில் இடம் இல்லை என்பது, கல்லறைத் தோட்டத்தில் இழுத்தடிப்பது. இதற்கும் கோராகே முன்மாதிரி என்றால், அந்தக் கதையைக் கடைசிவரை வாசிக்கவில்லை என்று அர்த்தம். "கோராகின் குமாரரோ சாகவில்லை" என்கிறது எண்ணாகமம் 26:11. சங்கீதப் புத்தகத்தில் 11 சங்கீதங்கள் கோராகின் புத்திரர் பெயரில் இருக்கின்றன. 1 நாளாகமம் 9இல் அவர்கள் ஆலய வாசல் காவலர்கள். ஒருவனுக்குப் பலகாரம் சுடும் பொறுப்பு. 6ஆம் அதிகார வம்ச அட்டவணைப்படி தீர்க்கதரிசி சாமுவேலும் கோராகின் வழிவந்தவனே. முதிர்வயதில் சபை முழுவதையும் கூட்டி நிறுத்தி, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று தானே கணக்குக் கொடுத்தவன் அவன் (1 சாமு 12:3). கேட்கப்படுவதற்கு முன்பே.

இப்படிக்கு,
ஞாயிறு வேதபாட வகுப்பு நடத்தும் சிலர்,
திருநெல்வேலி.